தங்கபாய் சொன்ன தடை

தங்கபாயின் புருஷன் ஏசுவடியானை அடக்கம் பண்ணிவிட்டு எல்லோரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு மணைப் பலகை போட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் கண்ணாடி வளையல்களும் ஒரு பந்து மல்லிகைப்பூவும் இருந்தன. செத்துப்போனவரின் அக்கா ஏசம்மாள்தான் இதையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

“வந்து உக்காரு தங்கபாய். பொழுது சாயிறதுக்குள்ள முடிச்சிரணும்.”

“எதை மதினி?”

“தெரியாத மாதிரி கேக்கியே. பூவையும் வளையலையும் கடைசியா ஒருவாட்டி போட்டு எடுக்கணும்லா. தாலியைக் கழட்டணும்.”

தங்கபாய் பலகைக்குப் பக்கத்தில் போனாள். உட்காரவில்லை. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. இது நடந்தது 1983இல். தங்கபாய்க்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

“நம்ம வேதத்துல இது எங்க இருக்கு மதினி? ஒரு இடம் காட்டச் சொல்லுங்க. நானே கழட்டித் தாரேன்.”

ஏசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் திரும்பி வாசலோரம் குடையோடு நின்ற குருவானவரைப் பார்த்தாள். கூட்டமும் அவரைப் பார்த்தது.

“வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லதான்” என்றார் அவர் மெதுவாக. “விதவைகளை ஆதரிக்கணும்னுதான் இருக்கு. ஆனா இது குடும்பத்து வழக்கம். இதுல நான் என்ன சொல்றது?” சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். அப்போது மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

தங்கபாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிலுவை அடித்த அந்தச் சின்னத் தாலி அவள் கழுத்திலேயே கிடந்தது.

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பஞ்சு மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை. வியாழக்கிழமைதோறும் சபைப் பெண்கள் கூடும்போது அவள்தான் வேதம் வாசித்துப் பொருள் சொல்வாள். வாசிக்கத் தெரியாத பெண்கள்தான் அதிகம். அவள் குரல் அவர்களுக்குப் பிடிக்கும். மலைக்குப் போகிற தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல்.

தாலியோடு அவள் கோயிலுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. நேரில் திட்ட ஒருவரும் வரவில்லை. கல்யாண வீடுகளுக்கு அவளை அழைப்பது நின்றது, அவ்வளவுதான். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்கள். வியாழக்கிழமை வாசிப்புக்கு மட்டும் வழக்கம்போல வந்தார்கள். கேட்டார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

அவளோடு பழையபடி பேசியது பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் ஒருத்திதான். பிச்சையம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைக் கும்பிடுகிறவள். ஆடிப்பூரத் தேருக்கு ஒரு வருஷமும் தவறாமல் போனவள். புருஷன் போனபின் போகவில்லை. வெறுங்கையும் வெறுங்கழுத்துமாக வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

“ஏட்டி, நெசமாவே உங்க வேதத்துல இல்லையா?” என்று கேட்டாள் ஒருநாள், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு.

“இல்ல பிச்சை. உங்களுக்கு?”

“எனக்கு என்னத்தத் தெரியும்? எங்க புஸ்தகத்தை யாரு எனக்கு வாசிச்சுக் காட்டினா? எங்க நாத்தனாக்காரி வளையலை உடைக்கையில புஸ்தகம் பாத்தா உடைச்சா?” பிச்சையம்மாள் கொஞ்ச நேரம் குடம் நிறைவதைப் பார்த்தாள். “உங்க மதினியும் எங்க நாத்தனாரும் ஒரே மில்லுல ஒரே ஷிப்ட்டு. வளையல்கூட ஒரே கடையிலதான் வாங்கியிருப்பாளுக.”

தங்கபாய்க்குச் சிரிப்பு வந்தது. புருஷன் செத்தபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மகன் தேவஇரக்கம் வளர்ந்து பஞ்சு பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்தான். பெண் தேடும்போதுதான் தாலியின் விலை தெரிந்தது. சபைக்குள் யாரும் பெண் கொடுக்கவில்லை. “மாமியார் முகத்துல தெனம் முழிக்கப் போறது எங்க புள்ளைல்லா” என்றார்கள். கடைசியில் சேத்தூரில் ஒரு இந்துக் குடும்பத்திலிருந்து பெண் அமைந்தது. சொந்தக்காரக் குடும்பம்தான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒரு பாதி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது, மறுபாதி வாங்கவில்லை. பெண்ணின் பெயர் ஜெயக்கொடி. அப்பா இல்லை. அண்ணன் குருசாமி கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்த்தான்.

பெண் பார்க்கப் போன அன்று அந்த வீட்டில் ஜெயக்கொடியின் அம்மா முன்னால் வரவில்லை. அடுக்களைச் சுவரோடு ஒட்டி நின்றாள். தங்கபாய் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். குருசாமியின் பெண்டாட்டி முகத்தைச் சுளித்தாள். ஜெயக்கொடி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாளில் ஜெயக்கொடியே இதைத் தன் மாமியாரிடம் சொன்னாள். “எங்க அக்கா கல்யாணத்தன்னைக்கு எங்கம்மாவை மாட்டுத்தொழுவத்துல போயி இருக்கச் சொன்னாவ அத்தை. சாப்பாடுகூட அங்கதான். நீங்க வந்து கையைப் பிடிச்சியள்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். வேதத்துக்கு வரணும்னா வாரேன், கட்டினா இந்த வீட்டுலதான்னு.”

1988இல் கல்யாணம் நடந்தது. ஜெயக்கொடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். இரவில் மாமியாரும் மருமகளும் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ஒரு வருஷத்தில் பியூலா பிறந்தாள். தங்கபாயின் வாழ்க்கையில் அந்த மூன்று வருஷங்கள் நன்றாக இருந்தன.

1991 ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தேவஇரக்கத்தின் மொபெட்டை ஒரு பருத்தி லாரி அடித்தது. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது போர்வையை விலக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். தங்கபாய் விலக்கிப் பார்த்தாள்.

எட்டு வருஷமாக அந்த வீட்டு வாசற்படி மிதிக்காத ஏசம்மாள் அன்று வந்தாள். தம்பி மகனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அது உண்மையான அழுகைதான். அவளுக்குப் பிள்ளை கிடையாது, தேவஇரக்கத்தைத் தூக்கி வளர்த்தவள் அவள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் தங்கபாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கே சொன்னேன். கேட்டியா? பெரியவுக வச்சதை மீறினா யாரு தலையில விடியும்? புருஷன் போன பொறவும் தாலியைத் தொங்கவிட்டுட்டு அலைஞ்ச. அந்தப் பழி எம்புள்ளை மேல இறங்கிட்டு.”

தங்கபாய்க்கு அதற்குப் பதில் தெரியும். அப்பன் செய்ததற்குப் பிள்ளை சாவதில்லை என்று தீர்க்கதரிசி சொன்ன இடத்தை அவளே எத்தனையோ வியாழக்கிழமை வாசித்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அந்த வசனம் அவளுக்குள் எங்கேயும் இல்லை. போர்வைக்குள் பார்த்தது மட்டும்தான் இருந்தது. மதினி சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அது போகவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வாசலில் பலகை போட்டிருந்தது. தங்கபாய் நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். தன் கழுத்திலிருந்த தாலியைத் தானே கழற்றித் தட்டில் போட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய் ஜெயக்கொடியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

“அத்தை, என்ன செய்யிதிய?” என்றாள் ஜெயக்கொடி.

“உக்காரு.”

“நம்ம வேதத்துல இல்லன்னு நீங்கதான் சொன்னிய.”

“உக்காருட்டி! எம்புள்ளையவே குடுத்துட்டேன். இன்னும் என்னத்தக் குடுக்கணும்? பியூலா வேண்டாமா உனக்கு?”

பிள்ளை பெயரைக் கேட்டதும் ஜெயக்கொடி உட்கார்ந்துவிட்டாள். வளையல்களை உடைத்தது ஏசம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும். தாலியைக் கழற்றியது தங்கபாய். குருவானவர் வாசலில் நின்றிருந்தார். இவர் புதியவர், இளம் வயசுக்காரர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்களின் அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் மறுபடி சொல்லவில்லை.

அதற்குப்பின் தங்கபாயைச் சபை திரும்பச் சேர்த்துக்கொண்டது. பாயில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள். வேதம் வாசித்த காலத்தில் கிடைக்காத மரியாதை, கழுத்து வெறுமையானதும் கிடைத்தது. அது தனக்கு இதமாக இருந்ததை அவள் பிச்சையம்மாளிடம் மட்டும் ஒத்துக்கொண்டாள்.

“எட்டு வருசம் ஒத்தையில கெடந்துட்டேன் பிச்சை. இப்ப நாலு பேரு முகம் குடுத்துப் பேசுதாக. என்னால இதை விட முடியல.”

பிச்சையம்மாள் எழுந்து தன் வீட்டுக்குள் போனாள்.

ஜெயக்கொடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற ஒரு இடத்தில் பாத்திரம் கழுவி, பெட்டியில் அடைத்துக் கொடுக்கிற வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும்போது திரும்பி வருவாள். அதே ஊரில் மடவார் வளாகம் பகுதியில் சைக்கிள் கடை வைத்திருந்த வேதமாணிக்கம் அங்கேதான் பழக்கமானான். மனைவியைப் பிரசவத்தில் இழந்தவன். பிள்ளையும் தங்கவில்லை. சைக்கிளில் பால் கேன் கொண்டுவருகிறவர்களோடு வருவான், இரண்டு வார்த்தை பேசுவான். ஒரு வருஷம் பேசியபின் நேராகக் குருவானவரிடம் போய்க் கேட்டான்.

இளம் குருவானவருக்கு அன்றைக்கு வாசலில் சும்மா நின்றது மனதை அறுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். உடனே சம்மதித்தார். வயதில் சின்ன விதவைகள் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்வது நல்லது என்று அப்போஸ்தலரே எழுதியிருக்கிறார் என்று சபைக் கமிட்டியில் சொன்னார். கமிட்டியில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க வசனம் இல்லை.

ஜெயக்கொடி மாமியாரிடம் கேட்டாள். “உங்களுக்குச் சம்மதமா அத்தை? நீங்க வேண்டாம்னா வேண்டாம்.”

“உன் இஷ்டம்” என்றாள் தங்கபாய்.

“பியூலாவை வாரத்துக்கு ஒருக்க கூட்டிட்டு வாரேன். நீங்களும் எங்ககூட வந்து இருங்க. அவிய அப்படித்தான் சொல்லுதாவ.”

“உன் இஷ்டம்னு சொல்லிட்டேன்ல.”

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயர்களைச் சொல்லி, தடை ஏதும் உண்டா என்று கேட்பது வழக்கம். ஓலை வாசிப்பது என்பார்கள். முதல் ஓலை முடிந்த மறுநாளே குழாயடியில் பேச்சு கிளம்பியது. மகன் எலும்பு மக்குவதற்குள் மருமகள் பூ வைக்கப் போகிறாள் என்றார்கள். இரண்டாம் ஓலைக்குப் பிறகு ஏசம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

“நம்ம ரத்தத்தை ஒரு சைக்கிள் கடைக்காரன் கூட்டிட்டுப் போறான். நீ பாத்துட்டு இருக்க. நாளைக்கு பியூலாவுக்கு ஒண்ணுன்னா யாரைக் கேப்ப? ஒருக்க மீறினதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்லா?”

அந்த வாரம் தங்கபாய் சாப்பிடவில்லை. சனிக்கிழமை இரவு பியூலாவுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது.

மூன்றாம் ஞாயிறு குருவானவர் ஓலையை வாசித்தார். ஜெயக்கொடி பெண்கள் பக்கம் நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். “இவர்கள் விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்” என்று அவர் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். யாரும் சொல்லமாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

“தடை இருக்கு” என்று கேட்டது. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தக் குரல்.

தங்கபாய் எழுந்து நின்றிருந்தாள்.

குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன தடைம்மா?”

சபை முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, வேதத்தின்படியோ சட்டத்தின்படியோ தடை இருந்தாச் சொல்லுங்க.”

“வேதத்துல ஒண்ணும் இல்ல ஐயா.” அவள் குரல் உடைந்தது. “ஆனாலும் கூடாது. எம்புள்ளை பொண்டாட்டி அவ.”

அந்தத் தடை செல்லாது என்று குருவானவருக்குத் தெரியும். அங்கேயே அதைச் சொல்லியிருக்கலாம். முன்வரிசையில் இருந்த கமிட்டிப் பெரியவர் எழுந்து, “கொஞ்சம் ஒத்தி வைப்போம் ஐயா. குடும்பத்துல மனஸ்தாபம் இருக்கு” என்றார். ஆண்கள் பக்கமிருந்து ஆமோதிப்பு எழுந்தது. ஒத்தி வைத்தார்கள்.

ஜெயக்கொடி திரும்பி மாமியாரைப் பார்க்கவே இல்லை. பாட்டு முடிவதற்குள் பியூலாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வீட்டில் தன் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு சேத்தூர் பஸ் ஏறிவிட்டாள். வேதமாணிக்கம் கொஞ்ச நாள் காத்திருந்தான். கூடிய சபையில் இப்படி மறிக்கப்பட்ட சம்பந்தம் வேண்டாமென்று அவன் அம்மா அழுதாள். அந்த வருஷமே சிவகாசியில் அவனுக்கு வேறு கல்யாணம் நடந்தது. சைக்கிள் கடையையும் அங்கேயே மாற்றிக்கொண்டான்.

பேத்தி போய்விடக்கூடாதென்று எழுந்து நின்ற தங்கபாய் இப்போது தனியாக இருந்தாள்.

வியாழக்கிழமை வாசிப்புக்கு மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். 1996இல் சபையில் ஒரு பையன் மஞ்சள்காமாலையில் செத்தான். பெண்டாட்டிக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பெண்கள் பலகை போட்டு, தட்டு வைத்து, தாலியைக் கழற்ற மூத்த விதவை என்று தங்கபாயைக் கூப்பிட்டார்கள். பலகையில் உட்கார்ந்திருந்த பெண் குளிர்க்காய்ச்சல்காரி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றாள் தங்கபாய். “விடுங்க அவளை. வேதத்துல இது இல்ல.”

செத்துப்போன பையனின் அம்மா, அழுகையை நிறுத்தாமலே, சண்டைக்கு வராத குரலில் கேட்டாள்: “நீ உம் மருமவளுக்குப் பண்ணலையாக்கா?”

பெண்கள் தங்கபாயை மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வளையல் உடைகிற சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

மறுநாள் அவள் சேத்தூருக்குப் போனாள். ஜெயக்கொடி அண்ணன் வீட்டுப் பின்பக்கம் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்து எலும்பு தெரிந்தது. அவள் அம்மா இறந்துவிட்டிருந்தாள். பியூலாவுக்கு ஏழு வயது. வந்தவள் யாரென்று தெரியாமல் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உக்காருங்க” என்றாள் ஜெயக்கொடி. ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

“ஜெயக்கொடி, எங்கூட வா. நான் சபையில எந்திரிச்சு எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். நான் செஞ்சது தப்பு. அந்தத் தடை செல்லாது. உனக்கு வேற மாப்பிள்ளை நானே பாக்குதேன்.”

ஜெயக்கொடி அடுப்பில் விறகைத் தள்ளினாள். “இங்க எங்க மதினி காலையில நான் எதுக்க வந்தா துப்பிட்டுப் போறா. எங்கம்மா இருந்த தொழுவத்துலதான் நானும் படுக்கேன். அது எனக்குப் புதுசு இல்ல. இவிய யாரும் எனக்கு வேற மாதிரி சொல்லல.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்க சொன்னிய. ராத்திரி ராத்திரி விளக்கு வச்சு வாசிச்சுக் காட்டினிய. எனக்கு உங்க வேதம் தெரியாது அத்தை. உங்களைத்தான் தெரியும். உங்களைப் பாத்துத்தான் வந்தேன்.”

“பயந்துட்டேன்ட்டி.”

“தெரியும். பயந்தா நீங்களும் எங்க மதினியும் ஒண்ணுதான்.”

நெல் கொதித்தது. ஜெயக்கொடி எழுந்து அதைக் கிளறினாள். குருசாமியின் பெண்டாட்டி உள்ளேயிருந்து, யார் வந்திருக்கிறது என்று சத்தம் போட்டுக் கேட்டாள். “யாரும் இல்ல மதினி, கெளம்பிட்டாவ” என்றாள் ஜெயக்கொடி. தங்கபாய் கொண்டுவந்திருந்த கவுனைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். பியூலா அதைத் தொடவில்லை.

அதற்கடுத்த வருஷம் பனியன் கம்பெனி வேலைக்கு ஆள் எடுத்த ஒரு கூட்டத்தோடு ஜெயக்கொடி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள் என்று பிச்சையம்மாள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். திருப்பூரில் எங்கே என்று குருசாமிக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவன் முயலவும் இல்லை.

தங்கபாய் வாசிப்பை நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள், கடைசியில் உட்காருவாள், பாட்டுக்கு எழுந்து நிற்பாள். பாடமாட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் கண் தெரியவில்லை என்றாள். 1999இல் மார்கழிக் குளிரில் நெஞ்சுச்சளி கட்டி இரண்டு வாரம் படுத்திருந்து இறந்துபோனாள். கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்தது பிச்சையம்மாள்.

அடக்கத்துக்குச் சேத்தூருக்கு ஆள் அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. அப்போது சபைக்கு வந்திருந்த குருவானவர் வெளியூர்க்காரர், பழைய கதை ஒன்றும் தெரியாதவர். யாரோ சொல்லக் கேட்டு, இந்தச் சகோதரி வேதத்தை நன்றாக அறிந்தவர், வழக்கங்களுக்கு மரியாதை கொடுத்து வாழ்ந்தவர், இரண்டிலும் குறைவில்லாதவர் என்று பேசினார். பெண்கள் தலையாட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்ற பிச்சையம்மாள், பேச்சு முடியும்வரை இருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற ரோட்டில் இறங்கி நடந்தாள்.